சாலையோரக் குழாய்

வேலிக்கு வெளியே நின்று எஞ்ஜினியர் ஓடிலோன் மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தான்.

"கௌரவம்!"

உள்ளேயிருந்து "மரியாதை!" என்று பதில் வராமல் ஹைட்டியின் இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் அடுத்தவர் முற்றத்தில் கால் வைப்பதில்லை. மரிசெல் உள்ளேதான் இருந்தாள். துடைப்பம் மண்ணைக் கீறும் சத்தம் அவன் கூப்பிடும்போதெல்லாம் நின்று, மறுபடி தொடங்கியது.

அவளை விட்டால் அவனுக்கு நாதியில்லை. அவள் சங்கு ஊதினால்தான் ஊர் மண்வெட்டியோடு கூடும். கூடினால்தான் தேவாலயத்துக்குப் பின்னால் புதுக் குழாய் பதிக்கலாம். சாலைக்குப் போகப் பயந்து பாதி ஊர் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கிறது. காலரா இதற்குள் நான்கு பேரைக் கொண்டுபோய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்பே குழாய் வைக்க ஊர்ப் பெண்கள் தேவாலயத்தைத்தான் காட்டினார்கள். பெரிய மேதாவி மாதிரி சிரித்து, சரிவு, அழுத்தம் என்று கணக்குச் சொல்லி, அவன் குழாயைச் சாலையோரத்தில் வைத்தான். கணக்கில் தப்பில்லை. துப்பாக்கிக்காரர்களும் அந்தச் சாலையில்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். தண்ணீர் வரிசையில் நின்றபடியே சுடப்பட்டுச் செத்த ஆறு பேரில் மரிசெல்லின் மகள் லூதினும் ஒருத்தி. இப்போது எந்த ஊரில் குழாயைத் திறந்தாலும் அவனுக்கு அந்த வரிசைதான் கண்முன் வருகிறது.

படல் திறந்தது. மரியாதை என்ற சொல் மட்டும் வரவில்லை.

"இந்தத் தடவை எங்க வைக்கப் போறீங்க?"

"தேவாலயத்துக்குப் பின்னால, அக்கா. நீங்க சொன்ன இடம்."

"அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?"

"தப்புதான்."

அவள் ஒரு மஞ்சள் வாளியை வெளியே வைத்தாள். அடிப்பக்கம் குண்டு துளைத்த ஓர் ஓட்டை.

"லூதினோடது. வரிசைல நின்னு, உங்க குழாய்லயே தண்ணி புடிச்சிட்டு வாங்க. அப்புறம் சங்கப் பத்திப் பேசலாம்."

சாலைக்கு நடக்கும்போது ஓட்டையை விரலால் அடைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது. சட்டென்று விரலை எடுத்துவிட்டான்.

குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நான்காமவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வரிசை நகர்ந்தபோது அந்தக் காலியிடமும் கூடவே நகர்ந்தது. அவன் கடைசியில் போய் நின்றான். முன்னால் நின்றவள் திரும்பி வாளியைப் பார்த்தாள்.

"இங்க இல்ல, எஞ்ஜினியர். அந்த வாளிக்கு அங்க, லூதின் நின்ன இடம் இருக்கு."

அந்தக் காலியிடத்தில் போய் நின்றான். தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒருத்தியும் சாலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.