தொள்ளாயிரத்து இருபது மீட்டர்

பள்ளிக்கும் வேலம்மாள் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர் என்று கம்ப்யூட்டர் காட்டியது. ஸ்ரீரங்கத்தில் அந்த மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்து இலவச இடம் வேண்டுமென்றால் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வேலம்மாள் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். அந்தப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் குலுக்கல் கிடையாது, நேராக இடம். ஆனால் தூரத்தில் சலுகை இல்லை. மகள் குழலியின் எல்கேஜி அந்த முந்நூறு மீட்டரில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"மேப்புல அப்படித்தாங்க காட்டுது. நான் என்ன பண்றது?" என்றாள் பள்ளி அலுவலகத்துச் சித்ராதேவி.

"மேப்பு ரோட்டச் சுத்துது மேடம். வேலைக்கு நான் சுத்தி வர்றதில்லையே."

மனுக்களைச் சரிபார்க்க வந்திருந்த கல்வி அலுவலகத்து ஜெய்சங்கர் தலையைத் தூக்கினார். "வேற வழி இருக்காம்மா?"

"கொல்லைச் சந்து இருக்கு சார். வாங்க, நடந்து காட்டுறேன்."

இரண்டு வரிசை வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே போகிற சந்து. எடுப்புக் கக்கூஸ் இருந்த நாளில், மலம் அள்ளுகிறவர்கள் வீதிக்காரர் கண்ணில் படாமல் வந்துபோக விட்டது. இப்போது சாக்கடையும் வீட்டுக் குப்பையும். பதினோரு வருடமாக அதைக் கூட்டுகிறவள் வேலம்மாள். எந்தப் பின்கதவு திறந்தால் என்ன வந்து விழும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஜெய்சங்கர் பள்ளி வாசலிலிருந்தே செல்போனில் தூரம் அளக்கவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

"அந்தக் கல்லு ஆடும் சார். இந்தப் பக்கம் வாங்க."

"இத வழின்னு எப்படிம்மா எழுதுறது? மேப்புல பேரே இல்ல."

"கூட்டியாச்சான்னு தினம் கையெழுத்து வாங்குறாங்களே சார். வழி இல்லாத எடத்தையா கூட்டச் சொல்றாங்க?"

அவர் செருப்பில் ஒட்டியதைச் சுவரில் தேய்த்துவிட்டு நடந்தார்.

சந்து முடிந்து, கொள்ளிடக் கரைப் பக்கம் அவள் வீட்டு வாசலில் நின்றபோது தொள்ளாயிரத்து இருபது மீட்டர். ஜெய்சங்கர் இரண்டு தரம் பார்த்து அதைப் படிவத்தில் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"பிள்ளைய தினம் இதுலதான் கூட்டிட்டு வருவீங்களா?"

ஆமாம் என்றால் வேலை முடிந்தது. வேலம்மாளுக்கும் அது தெரியும்.

"இல்ல சார். அவ இதுல கால் வைக்க மாட்டா. ரோட்டுலதான் வருவா, ஸ்கூல் முன்வாசல் வழியா. கொஞ்சம் முன்னாடியே கெளம்பிக்கிறோம்."

"அப்ப என்னை எதுக்கும்மா இதுல நடக்கவிட்டீங்க?"

"எவ்வளவு தூரம்னுதானே சார் கேட்டீங்க? எதுல வருவான்னு கேக்கலையே. அது நாங்க பாத்துக்கிறோம்."

ஜெய்சங்கர் சந்தைத் திரும்பிப் பார்த்தார். படிவத்தைத் தொடையில் வைத்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார்.

"திங்கக்கிழமை பிறப்புச் சான்றிதழோட வாங்க," என்றவர், திரும்பிப் போகும்போது ரோட்டு வழியைக் கேட்டார்.