பன்னி இன்னும் வரவில்லை

கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வீட்டில் போட்ட சண்டையை அப்படியே வேலைக்கும் கொண்டு போகலாம். அன்று காலை ஜீப்பில் அதுதான் நடந்தது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் வண்டியை ஓட்டியபடி நடுநடுவே தொண்டையைக் கனைத்தார்.

தப்பு அவர்மேல்தான், இதில் நடுநிலை பேச ஒன்றுமில்லை. போன வாரம் நாத்தனார் வீட்டு விருந்தில், அத்தனை பேர் நடுவில், "இவளுக்குக் காது மந்தம். மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்புவா" என்று வாயை விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நாத்தனார் கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. காதை வைத்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் பேசுகிற பேச்சா அது?

எண்ணெய்க் குழாய் மண்ணுக்கடியில் ஊர் ஊராக ஓடுகிறது. எங்கே அரித்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்க்க உள்ளே ஒரு கருவியை விடுவார்கள். எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் கிறீச்சென்று கத்துவதால் அதற்குப் பன்னி என்று பெயர். அது எங்காவது சிக்கினால் பின்னால் அழுத்தம் ஏறி, குழாயில் பலவீனமான இடம் எதுவோ அது வாயைப் பிளந்துவிடும். அதனால் வழிநெடுக ஆட்கள் நின்று, தரையில் ஒலிவாங்கியை ஊன்றி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பன்னி தங்களைத் தாண்டியதும் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும்.

அவளை ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, அவர் தன் இடமான பாலத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது.

"பாலம். பன்னி தாண்டியாச்சு."

அடுத்தது அவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எண்ணெய் ஓடுகிற இரைச்சல் கேட்டது. வேறெதுவும் இல்லை. கரைமேல் ஒரு லாரி தடதடத்துப் போனது. மறுபடி அதே இரைச்சல்.

"ஏரிக்கரை! கணக்குப்படி உங்களை எப்பவோ தாண்டியிருக்கணுமே!" கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் அலறினார். அவருக்கு மைக் செட் என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

"இன்னும் வரலை சார்."

"மூணு தடவை கூப்பிட்டுப் பாருங்க சார்" என்று வயர்லெஸ்ஸில் யாரோ கிசுகிசுத்தார்கள். ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

விருந்துப் பேச்சு வேலை இடம்வரை வந்துவிட்டது! அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "தாண்டிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எதிரே ஏரி கிடந்தது. ஊரே அதில்தான் தண்ணீர் குடிக்கிறது. வாத்துகள் குஞ்சுகளோடு கவலையில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. அவள் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டு போனாள்.

"பம்பை நிறுத்துங்க சார்."

"யம்மா, நிறுத்திட்டா மறுபடி ஓட வைக்கச் சாயங்காலம் ஆயிடும். மேல நான் பதில் சொல்லணும். லாரி கீரி ஏதாவது போச்சா?"

"போச்சு."

"அந்தச் சத்தத்துல விட்டிருப்பே."

"விட்டிருக்கலாம் சார். ஆனா கேக்காததைக் கேட்டேன்னு சொல்ல மாட்டேன்."

பாலத்துக் குரல் குறுக்கே வந்தது.

"அவ வரலைன்னு சொன்னா வரலை சார். நிறுத்துங்க."

"உன் சம்சாரத்துக்குக் காது மந்தம்னு நீதானேய்யா சொன்னே?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். என் வாய்தான் சரியில்ல. நான் வேலை ஏவத்தான் கூப்பிடறேன்னு தெரிஞ்சுதான் அவ திரும்பறதில்ல."

ஒருவர் விசிலடித்தார். மைக் செட் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் அதிர்ந்தது. பம்பு நின்றது.

பன்னிக்குள் சிக்னல் அனுப்பும் கருவி உண்டு. அதைத் தேடி அவள் இந்தப் பக்கமிருந்தும் அவர் அந்தப் பக்கமிருந்தும் குழாய் போகும் தடத்திலேயே நடந்து வந்தார்கள். இருவர் கையிலிருந்த, சிக்னலைப் பிடிக்கும் பெட்டிகளும் ஒரே இடத்தில் பீப் பீப் என்று கத்தின. பேசாத இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றார்கள். நடுவில், பெயின்ட் வாசனைகூடப் போகாத ஒரு புதுப் பலகை.

'எண்ணெய்க் குழாய். இங்கே தோண்டாதீர்கள்.'

தோண்டாதீர்கள் என்று எழுதி வைக்கத் தோண்டியிருக்கிறார்கள்! அதுவும் மெஷின் வைத்து. ஆட்கள் வந்து கையாலேயே மண்ணை விலக்கிப் பார்த்தபோது, பலகையின் இரும்புக் கால் குழாயை நசுக்கிக்கொண்டு நின்றது. நசுங்கிய இடத்தில் மயிரிழைக் கீறல். எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து, இரண்டு கூடை மண் கறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தம் ஏறியிருந்தால் வாத்துகளின் கதி என்ன, ஊரின் கதி என்ன!

கறுத்த மண்ணை அள்ளி டிரம்மில் அடைத்தார்கள். கீறலுக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். அவரும் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு, மூஞ்சியெல்லாம் எண்ணெய்க் கறையாக மேலே ஏறி வந்தார். அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கியிருப்போம். உன்னைத் தனியா வாங்க விட்டுடுவேனா?"

இத்தனை நாள் கோபத்தில் அவள் கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான், நாலு பேர் சிரிக்கும்போது தன் பக்கம் நிற்க ஓர் ஆள். அதைச் சொன்னால் அவர் தலைகால் புரியாமல் ஆடுவார் என்பதால் சொல்லவில்லை.

"மூஞ்சியைக் காட்டுங்க, எண்ணெயா இருக்கு" என்று துணியை எடுத்து அவளே துடைத்துவிட்டாள்.