அழாத குழந்தை

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புனேயில், ஔந்த் பகுதியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் அகல்யா கோயம்புத்தூர்க்காரி. விளம்பரப் படங்களுக்கு ஆள் பிடிப்பாள், வீடு பிடிப்பாள், யார் எப்போது வரவேண்டும் என்று நேரம் குறிப்பாள். ஒரு மதியம் கரண்ட் போய் இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோதுதான் சொல்லத் தொடங்கினாள். பாதியில் கரண்ட் வந்துவிட்டது. இறங்கிப் போனவள்தான், அப்புறம் எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றுகிறாள். மீதியை நானே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

2

வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து அகல்யாவின்

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மெத்தை விளம்பரம். மெத்தையில் ஒரு கைக்குழந்தை தூங்க வேண்டும், காட்சியே அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்த வீடு. ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்து சாவி கேட்பார். ஐந்து தாண்டிவிட்டது. குழந்தையோ வீடே அதிர அழுகிறது.*

* இந்தத் தொழிலில் ஒரு குழந்தை வேண்டுமென்றால் இரண்டை வரச்சொல்வார்கள். முதல் குழந்தை மக்கர் செய்தால் இரண்டாவது. பெரும்பாலும் இரண்டாவது குழந்தை பக்கத்து அறையில் காத்திருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடும்.

அன்று பக்கத்து அறையில் இருந்தவன் சபரி. ஆறு மாதம். அவன் அம்மா கனகவல்லி ஊருக்கு வெளியே உள்ள தேஹு ரோட்டிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இதற்கு முன்பும் அவளை வரவழைத்து, நாள் முழுக்க உட்காரவைத்து, "அடுத்த தடவை பாக்கலாமுங்க" என்று திருப்பி அனுப்பியவள் அகல்யாதான்.

"இன்னொண்ணைக் கொண்டு வா" என்று ஹிந்தியில் கத்தினார் இயக்குநர் ஜெயந்த்.

3

அகல்யா சபரியைக் கையில் வாங்கினாள். உடம்பு கொதித்தது.

"ஏனுங்க, இவனுக்குக் காய்ச்சலுங்க!"

"நேத்து தடுப்பூசி போட்டோம் மேடம். அதான் ஜுரம். மருந்து குடுத்துட்டேன். ஜல்தியா எடுக்கச் சொல்லுங்க."

"கொழந்தை தொவண்டு கெடக்குதுங்களே."

"தூங்கற கொழந்தைதானே கேட்டீங்க? எத்தனை வாட்டி ஒக்கார வச்சு அனுப்பினீங்க! இன்னிக்கும் என் பையன் வேணாமா?"

வந்தவுடனே குழந்தையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டியது அகல்யாவின் வேலை. இப்போது வாயைத் திறந்தால் படப்பிடிப்பு நிற்கும், பழி அவள் தலையில் விழும். பயந்துகொண்டே குழந்தையைப் படப்பிடிப்பு அறைக்குத் தூக்கிப் போனாள்.

மெத்தையில் கிடத்தினார்கள். சபரி சிணுங்கக்கூட இல்லை.

"என்ன சமத்து!" என்றார் ஜெயந்த். "இவனை ஏன் முதலிலேயே கொண்டு வரவில்லை?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள், அகல்யாவைத் தவிர.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். லிஃப்டில் அகல்யா சொன்னது "ஊசி போட்டாங்களாம்" என்பது மட்டும். "நேத்து" நான் போட்டது. நேற்று என்றால் அது தானாக இறங்கிவிடும் சூடாக இருக்கலாம். அகல்யா பயப்படுவது வீண். அதை அடித்துவிட்டு "போன வாரம்" என்று எழுதிப் பார்த்தேன். அப்படியானால் இது ஊசிக் காய்ச்சலே இல்லை. வேறு ஏதோ நோய். பழையபடி "நேத்து" என்றே போட்டுவிட்டேன். கனகவல்லி பாவம் என்று. (நானும் பாவம் என்று.)

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். அகல்யா தடுக்கிறாள், கனகவல்லி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, இனி உங்கள் முகத்திலேயே

ஒரே டேக்கில் காட்சி முடிகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். குழந்தை மட்டும் கண்ணை

மாட்டேன். இதை நான் எழுத மாட்டேன்.

5

விளக்குகள் எரிகின்றன. ஜெயந்த் கையை உயர்த்திவிட்டார். "சார்" என்று அகல்யா வாயெடுக்கிறாள். கனகவல்லி அவளைப் பார்த்துக் கைகூப்புகிறாள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு நீங்கள் மட்டும் வெளியே நிற்க முடியாது. மெத்தைக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். குனியுங்கள். சபரியின் நெற்றியில் புறங்கையை வையுங்கள்.

பிறகு, "நேத்து" என்று நான் எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள். அப்படியே விடுவதானாலும் சரி, அடிப்பதானாலும் சரி, சீக்கிரம் செய்யுங்கள். கேமரா ஓடுகிறது.