பதினான்காவது கேள்வி

பலகையில் கைரோபிராக்டிக் என்று எவ்வளவு பெரிதாக எழுதிப் போட்டாலும், யோங் பெங் ஊரில் அதற்கு 'எலும்பு சொடுக்குற கடை' என்றுதான் பெயர். இடுப்பு வலிக்காரர்கள் வந்து போகிற இடத்தைக் கடைவீட்டு மாடியில் வைக்க எந்தப் புண்ணியவானுக்கு யோசனை வந்ததோ, ஏறி வரப் பதினெட்டுப் படி. ஏறி வந்து மூச்சு வாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்வது கவுண்டரில் இருக்கும் ஷர்மினியின் வேலை. நான்கு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விகள்தான். "டக்குன்னு சத்தம் வருதே, எலும்பு உடையுதா மா?" இல்லை, மூட்டுக்குள் இருக்கும் காற்று. "இன்னிக்கே சரியாயிடுமா?" ஒருவருக்கு ஒருவர் மாறும். "தரையில படுக்கலாமா, மெத்தையிலயா?" "சொடுக்கிட்டு உடனே தலைக்குக் குளிக்கலாமா?" ஒரு பாட்டையா உருளைக்கிழங்கு சாப்பிடலாமா என்றுகூடக் கேட்டார். ஷர்மினி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வாள்.

கிளினிக் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இருபது கேள்விகள் அச்சடித்த பாரம், எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் ஆட்கள் வந்தால் அவளே படித்துச் சொல்லி, ஆமாம், இல்லை என்று குறித்துக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் வோங் பேனாவால் பதினான்காவது கேள்வியைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். சிறுநீர், மலம் போவதில் சிரமம் உண்டா? உட்காருகிற இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போகிறதா? "எதை விட்டாலும் இதை விடாதே. ஆமாம் என்றால் நான் கை வைக்க மாட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அவளும் விட்டதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை லெட்சுமணன் படியேறி வரும் வரைக்கும்.

லெட்சுமணன் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். ஷர்மினியைச் செம்பனைத் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ஆறு வருடம் ஏற்றிப் போனவர். முதலாம் ஆண்டில் ஒருநாள் அவள் பஸ்ஸிலேயே நனைத்துக்கொண்டாள். நீலச் சீருடை, சீட்டு, தரை எல்லாம் ஈரம். பின்னால் பையன்கள் எட்டிப் பார்க்கும் முன்னால் அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, தம் போத்தல் தண்ணீரை அவள் மடியிலேயே கவிழ்த்துவிட்டு, "அலமாக்! அங்கிள் தண்ணிய கொட்டிட்டேன் பாரு, சோரி பாப்பா" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பையன்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டதை அவள் மறந்ததே இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரமா இடுப்பு மா. இப்ப ரெண்டு காலுக்கும் இறங்குது. பஸ்ஸ ஓட்டவே முடியல."

"டாக்டர் பாத்துடுவாரு அங்கிள். நா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, விழுந்தீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். நல்ல பிள்ளை மாதிரி அவரும் சொல்லிக்கொண்டு வந்தார். பதின்மூன்று முடிந்தது. பதினான்கைக் கண்ணால் படித்தாள். வாய் வரவில்லை. சுவரோரம் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனிதரிடம், இவரிடம் போய், ஒண்ணுக்கு ஒழுங்காகப் போகிறதா, உட்காருகிற இடம் மரத்திருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? அறுபதை நெருங்குகிற மனிதரைக் கூச வைக்கவா? அவருக்கு அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 'இல்லை' கட்டத்தில் பேனா சரக்கென்று கோடு போட்டது. பிறகு பதினைந்து.

இருபதும் முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதானா மா? வேற ஒண்ணும் கேக்கலயா?"

"அவ்வளவுதான் அங்கிள்."

அவர் இன்னும் ஒரு நிமிடம் அவள் கையிலிருந்த தாளையே பார்த்தார். டாக்டர் வோங் கதவைத் திறந்து பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பதினான்கு இல்லைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஷர்மினி தலையாட்டினாள். ஐயோ, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே. டாக்டர் அவரை உள்ளே கூட்டிப் போய்ச் சொடுக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை காலையில் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. லெட்சுமணனின் மனைவி. அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை, ஆபரேஷன் முடிந்துவிட்டது, நடப்பார் என்று யாரும் சொல்லவில்லை என்றாள். டிஸ்க் பிதுங்கி நரம்புக் கற்றையையே நசுக்கியிருந்ததாம். செவ்வாய்க்கிழமையே நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். ஷர்மினி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேச்சியம்மாள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலோரம் பை தொங்கியது, அதில் மஞ்சளாகச் சிறுநீர். அவர் போர்வையை இழுத்து அதை மறைக்கப் பார்த்தார். எட்டவில்லை. அவள்தான் குனிந்து மறைத்துவிட்டாள்.

"அங்கிள், நா ஒரு கேள்விய கேக்காம விட்டுட்டேன். அத கேட்டிருந்தா…" விம்மி விம்மி அழுதாள்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அட, போ லா. நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். பொம்பள பிள்ளகிட்ட அதெல்லாம் யாரு சொல்லுவா? அழுவாத. கண்ண தொடச்சிக்க."

நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கியது. கேட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நடையில் பேச்சியம்மாள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். ஷர்மினியைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வர்றதுக்கு முந்தியே நாலு நாளா ஒண்ணுக்கு சரியா போவல, உக்கார்ற இடமெல்லாம் மரத்துக் கெடக்குன்னு என்கிட்ட சொன்னாரு பாப்பா. டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு சண்ட போட்டேன். 'நானா எப்படி ஆரம்பிக்கிறது? அங்க நம்ம ஷர்மினிதான் இருக்கு, தாள வச்சி ஒவ்வொண்ணா கேக்குமாம், அது கேட்டா சொல்லிடுவேன். பஸ்ல ஒண்ணுக்கு போன பிள்ள, அதுகிட்ட எனக்கு என்ன வெக்கம்'னு சிரிச்சிக்கிட்டே வந்தாரு. நீ கேட்டியா மா? கேட்டப்ப என்ன சொன்னாரு?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

"கேட்டேன் ஆன்ட்டி. இல்லன்னு சொன்னாரு."

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. பேச்சியம்மாள் கையை உதறினாள். பொட்டலத்தை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"பாவி மனுஷா! புள்ள கேட்டிருக்கு, இல்லன்னு சொல்லியிருக்க! என்கிட்ட வாய் கிழிய பேசுனியே, அங்க சொல்ல என்ன கேடு? இனி உன்ன யாரு தூக்கி உக்கார வைக்கிறது? சொல்லு!"

வார்டே திரும்பிப் பார்த்திருக்கும். பிறகு அவர் குரல் கேட்டது. பழைய பஸ் குரல் அல்ல, தேய்ந்து போயிருந்தது. ஆனாலும் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னார்.

"ஆமா லா. அது கேட்டுச்சு. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு இல்லன்னுட்டேன். என் தப்புதான்."

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஷர்மினிக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவே பத்தடி தூரம்தான் இருக்கும். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லிப்ட் பக்கம் நடந்தாள்.