பதினோரு கண்டல் மரங்கள்

உலகத்துக்கு ஆறு பருவம் இருக்கலாம். எண்ணூர்க் கழிமுகத்துக்கு இரண்டுதான் என்று வெற்றி கண்டுபிடித்திருந்தான்: இலைமேல் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் காலம், மழை வந்து அதைக் கழுவும் காலம். தாவரவியல் மூன்றாம் ஆண்டு. முதல் ஆண்டில் ஆய்வுக்கென்று நண்பர்கள் கொல்லிமலைக்குக் கிளம்பியபோது, அவன் குப்பத்துக்குப் பின்னால் சேற்றில் நிற்கும் கண்டல் காட்டையே எடுத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினால் போதும், போய்விடலாம்.

அந்தக் காட்டில் பதினோரு மரங்களைத் தேர்ந்தெடுத்தான். ஒன்றுக்கொன்று மாறிப்போகாமலிருக்க, அப்பாவின் படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டான். எது எப்போது பூக்கிறது, காய்க்கிறது என்று குறித்துக்கொள்ள, இரண்டு வருஷமாக ஞாயிறு தவறவில்லை. நாலாம் நம்பர் வைகாசியிலேயே பூத்துவிடும். ஏழாம் நம்பர் சோம்பேறி. மற்றவை காய்த்த பிறகுதான் அதற்குப் பூக்கவே ஞாபகம் வரும். முதல் மழைக்கு மறுநாள் காடே பச்சையாக எழுந்து நிற்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் சாம்பலைப் பொறுத்துக்கொண்டான்.

இந்த ஐப்பசியில் மழையும் தேர்வும் சேர்ந்தே வந்தன. மூன்று ஞாயிறு போக முடியவில்லை. நாலாவது ஞாயிறு போனான். காடு பச்சையாகத்தான் இருந்தது. பதினோரு இடத்தில் மட்டும் வானம் தெரிந்தது.

குழாய் பதிக்க வழி செய்ய மரம் வெட்ட வந்திருந்த ரகுபதி, ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குழாய் அந்தாண்டல்ல போவுது? அங்கதான கொடி நட்டுகீந்தாங்க? இத ஏண்ணே வெட்ன?"

"நம்பர் போட்டுகீதே நைனா."

"அது நான் போட்டது."

"நீயா? குறி போட்டுகீற மரத்த மட்டும் வெட்டுன்னாரு மேஸ்திரி. எங்க வூட்டுச் செவுத்துலயும் இப்டித்தான் நம்பர் போட்டாங்க. மறுவாரமே புல்டோசர் வந்துச்சு. இங்க வேற இன்னாத்துக்கு நம்பர் போடுவாங்க?"

அது வெற்றிக்கும் தெரிந்ததுதான். சாலைக்காகக் குப்பத்தில் நாற்பது வீடுகள் நம்பர் வாங்கிக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன். மரத்துக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டான். படித்தவன்.

அப்படியே சேற்றில் உட்கார்ந்தான்.

"சொந்த மரமா?"

"இல்லண்ணே."

"பின்ன ஏன் அழுவுற?"

ரகுபதி தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார்.

"மூஞ்சத் தொடச்சிக்க. குழாய்க்காரங்க அளந்து நட்ட கொடியெல்லாம் மழ அடிச்சிகினு பூடுச்சு. எங்கெங்க நட்டுகீந்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல? காட்டு. இல்லன்னா இன்னும் எத்தினிய தப்பா வெட்டுவேனோ."

வெற்றி எழுந்தான். சேற்றில் முன்னால் நடந்து, குழாய் போகும் வழியில் ஒரு மரத்தைக் காட்டினான். பிறகு அடுத்ததை.