மாநாட்டுச் செய்தி யாருக்கெல்லாம் வேண்டும்?

மின்னஞ்சல் தொல்லை தாங்கவில்லை என்று எங்கள் குழுவில் ஒருவர் குறைபட்டு எழுதினார். அதை ஆமோதித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆமோதிப்பவர்கள் அவருக்குத் தனியாக எழுதக் கூடாதா என்று கேட்டு இன்னொன்று. எல்லாரும் சற்று அமைதி காப்போம் என்று பத்துப் பேர், தனித்தனியாக! அந்த ஒரு வாரத்தில் வந்து குவிந்த அஞ்சல் அதற்கு முந்தைய வருஷம் முழுக்க வந்திருக்காது. படித்தவர்கள் கூடிவிட்டால் கேட்க வேண்டுமா?

எங்களுடையது பாசி ஆய்வாளர்களின் குழு. ஈரச் சுவரிலும் பாறையிலும் பச்சையாகப் படர்ந்து கிடக்குமே, அதே பாசிதான். ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும். ஆரம்பித்த நாளிலிருந்து அதைக் கட்டி மேய்ப்பவள் நான். எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கறார்’. முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருத்தருக்கும் கிடையாது.

சண்டை, மாநாட்டு அறிவிப்புகளைப் பற்றி. எந்த ஊரில் மாநாடு நடந்தாலும் விவரம் முழுவதையும் எழுதி எல்லாருக்கும் நானே அனுப்புவது வழக்கம். எங்கள் சங்கத்துக்கு வந்த புதுச் செயலாளர் அதை மாற்ற வேண்டும் என்றார். அறிவிப்புகளை இணையப் பக்கத்தில் போட்டுவிடலாம்; ‘வேண்டும்’ என்று பதில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் அஞ்சல் அனுப்பலாம்; பதில் எழுதாதவர்களின் பெயரை எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. தங்கமான மனிதர்தான். மேஜையில் பேனாக்களைக்கூட உயர வரிசையில் அடுக்கி வைக்கிற ரகம்.

பேசித் தீர்க்கலாம் என்று ஒருநாள் என் அறைக்கே வந்துவிட்டார். மைக்ரோஸ்கோப்பும் காய்ந்த பாசி அடைத்த உறைகளும் போக ஒரு நாற்காலிக்குத்தான் அங்கே இடம். அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், போன அறிவிப்பைப் பாருங்க. ரயில் நிலையத்துல இறங்கி மேம்பாலத்துக்குக் கீழ வரணும், விடுதியில காலையில மட்டும்தான் வெந்நீர், அரங்கத்துல குளிரும், கனமான சட்டை கொண்டு வாங்க... இதெல்லாம் மாநாட்டுச் செய்தியா?"

"பின்ன? பச்சைத் தண்ணியில குளிச்சுட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே கட்டுரை வாசிப்பீங்களா?"

"போறவங்களுக்குச் சரி. போகாதவங்களுக்கு இது எதுக்கு?"

"போகாதவங்களுக்குத்தான் சார் வேணும்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

உள்ளதைச் சொன்னால், நான் ஒற்றைக் காலில் நின்றது ஒரே ஒருத்திக்காக. முதல் மாநாட்டில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். உள்ளே நுழைந்ததும் பையை ஜன்னலோரக் கட்டிலில் வீசிவிட்டு, "எனக்கு ஜன்னல் இல்லாட்டி மூச்சு முட்டும், ஆமா சொல்லிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் ஜன்னல். அதற்குப் பிறகு எந்த ஊர் மாநாடானாலும் நாங்கள் ஒரே அறைதான். வழியில் பிடுங்கி வந்த பாசியைக் குளியலறைத் தொட்டியில் அலசி, குழாய் அடைத்துக்கொண்டு, விடுதி மேலாளர் குதிகுதியென்று குதித்தபோது, "முடி கொட்டுதுங்க, அதுக்கு மருந்து" என்று கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னாள். அந்த வழுக்கைத் தலையர் கோபத்தை விட்டுவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்! மேடையில் யாராவது உளறினால் என் தொடையைக் கிள்ளுவாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். அப்படி ஒரு நாள் திரும்பக் கிடைக்குமென்றால் என் பட்டங்களை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

பிறகு அவள் அம்மா படுத்த படுக்கையானார். "ஒரு வருஷம்தான்டி, வந்துடறேன்" என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். வரவில்லை. அவள் எழுதும் பதில்கள் சுருங்கிக்கொண்டே போய் ஒருநாள் நின்றன. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் எழுதிப் பார்ப்பேன், ஊஹூம். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. ஆனால் குழுவில் அவள் பெயர் இருந்தது. ஒரு முகவரி செத்துப்போனால் அஞ்சல் என்னிடமே திரும்பி வரும். ஒருவர் விலகினாலும் எனக்குத் தகவல் வரும். இரண்டுமே வரவில்லை. ஆக, அவள் எங்கேயோ உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மேம்பாலமும் வெந்நீரும் அவளுக்காகத்தான். வர முடியாவிட்டாலும் படித்துக்கொண்டே எங்களோடு வந்துபோவாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் வாய் திறக்காதவள் ‘வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிடுவாளா? பெயரை எடுத்துவிட்டால் எங்களுக்குள் மிச்சமிருக்கும் ஒரே தொடர்பும் அறுந்துவிடும். அதைச் செயலாளரிடம் எப்படிச் சொல்வது?

குழுவில் நடந்த வாக்கெடுப்பில் மண்ணைக் கவ்வினேன். மாதக் கடைசிக்குள் பதில் எழுதவும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானே அறிவிப்பு அனுப்பினேன். ‘வேண்டும்’, ‘வேண்டும்’ என்று பதில்கள் வந்தன. அவளுடையது மட்டும் வரவில்லை.

"தட்டைப் பார்த்துச் சாப்பிடு. போனைப் பார்த்து முழுங்காதே" என்றார் என் வீட்டுக்காரர்.

கடைசி நாள் மத்தியானம் அது வந்தது. குழுவுக்கு இல்லை, எனக்கு மட்டும்.

‘அடியே, எனக்கு மாநாட்டுச் செய்தி வேண்டாம். அம்மா போன வருஷம் வரைக்கும் இருந்தாங்க. நீ அனுப்புறதை வெந்நீர் வரைக்கும் படிச்சுட்டு அழுவேன். அப்புறம் படிக்காமலே அழிக்கப் பழகிட்டேன். விலகியிருக்கலாமேன்னு கேட்ப. விலகினா உனக்குத் தகவல் வரும், நீ ஒடைஞ்சு போயிடுவ. அதான் இருந்தேன். இப்பவும் பதில் போடாம விட்டிருந்தா பேர் தானா போயிருக்கும். உன்கிட்ட சொல்லாம போக மனசு வரல.’

கீழே ஒரு தொலைபேசி எண்.

அடிப்பாவி! அவளுக்காக நான் ஊரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்காக அவள் இத்தனை வருஷம் அழுது தொலைத்திருக்கிறாள். கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தன. அதற்கு நடுவிலும், அவள் எழுதிவிட்டாள் என்று சந்தோஷம் பொங்கியது. பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"நான்தான்டி."

"தெரியுது. மூச்சு விடறதுலயே கோபம் தெரியுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி?"

"சொல்லியிருந்தா அனுப்பறதை நிறுத்திடுவ. அதையும் என்னால தாங்க முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, இப்ப என்ன பண்ற?" என்றாள்.

"பட்டியலைத் திறந்து வச்சிருக்கேன். உன் பேரை எடுக்கணும். கை வரல."

"போனை வைக்காம எடு" என்றாள்.

எடுத்தேன்.