இரண்டு டன் வெளிச்சம்

ஒன்பது மணிக்கு வரவேண்டிய டிராக்டர் பதினொன்றாகியும் வரவில்லை. வேட்டவலம் சாலையோரம் இருந்த ஜெனரேட்டர் கொட்டகையின் வாசலில் தான் ஓட்டும் குட்டி யானை வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான் தரணேந்திரன். கொட்டகைக்குள்ளே பெரிய ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிராலிமேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. டீசலோடு சேர்த்து இரண்டு டன். அன்று ஐப்பசிப் பௌர்ணமி. மாலைக்குள் அது அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஜெனரேட்டரை ஓட்டுகிற ராஜா உள்ளேயிருந்து பீடியோடு வந்தான்.

"நயினாரே, ரோட்டப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துறப் போவுது. டிராக்டர் வராது."

"ஏன்?"

"நேத்தே பாத்துட்டேன். அதுக்கு மயில் தோகை கட்டிட்டாங்க."

டிராக்டர் மத்தியான ஊர்வலத்துக்குப் போயிருந்தது. முதலாளி சகாதேவனுக்கு 'அன்னதானச் செம்மல்' என்று ஒரு பேரவை பட்டம் கொடுத்திருந்தது. பேரவையின் தலைவர் சகாதேவனின் மைத்துனர். செயலாளரும் அவரே. பட்டத்தோடு மாட வீதியைச் சுற்றி வர ஒரு ரதம் தேவைப்பட்டது.

"அப்போ இத யாரு இழுக்கறது?"

ராஜா குட்டி யானையைப் பார்த்தான்.

"அப்படிப் பாக்காத," என்றான் தரணேந்திரன்.

அரைமணி நேரத்தில் சகாதேவனே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். காரிலிருந்து இறங்கியதும் சுற்றிலும் கும்பிட்டார். எதிரே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"என்ன தரணி, இன்னும் கிளம்பலியா? ரெண்டு மணிக்கு மேல கிரிவலப் பாதைல வண்டி விடமாட்டான்."

"டிராக்டர் வரலீங்க தலைவரே."

"டிராக்டர் வேற வேலையா போயிருக்கு. உன் வண்டியிலயே மாட்டு."

"இது முக்கால் டன் ஏத்தற வண்டிங்க. அது ரெண்டு டன்."

"இழுக்காதா?"

"இழுக்குங்க. இழுக்கறது பிரச்சினை இல்ல, நிக்கறதுதான் பிரச்சினை. நான் பிரேக் அடிச்சா என் வண்டி நிக்கும். அது நிக்காம என்னத் தள்ளிக்கினு வரும்."

"இந்த வண்டிக்குப் பேரு என்ன?"

"குட்டி யானைன்னு சொல்றாங்க."

"யானை இழுக்காததா?"

"பேரு வெச்சவங்க இழுத்துப் பாத்து வெக்கலீங்க."

ராஜா திரும்பிக்கொண்டு இருமினான். சகாதேவன் தன் பதினாறாம் வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த வயதில் அவர் ஒற்றை மாட்டு வண்டியில் நூறு மூட்டை மல்லாட்டைக் கடலை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் மண்டிக்குப் போனவர். போன மாதம் பேசிய மேடையில் அது அறுபது மூட்டையாக இருந்தது.

"மனசு இருந்தா மலையையே இழுக்கலாம் தரணி. முடியலன்னா சொல்லிடு. விமல்ராஜ் சும்மாதான் இருக்கான். அவன் எடுப்பான்."

தரணேந்திரனுக்கு அந்த இன்னொரு டிரைவரைத் தெரியும். விமல்ராஜ் எடுப்பான். எடுத்து, ரீல்ஸ் போட்டுக்கொண்டே பௌர்ணமிக் கூட்டத்துக்குள் அறுபதில் போவான். போன வருடம் ஒரு கூட்டத்துக்கு இதே வண்டியில் நாற்பது பேரை ஏற்றச் சொன்னவர் சகாதேவன்தான். போலீஸ் பிடித்தபோது தரணேந்திரனின் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கியது. "அது டிரைவருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டார் அவர். மகள் தீக்ஷா நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேஸ் எழுதினால் லைசென்ஸ் திரும்ப வராது.

"நானே எடுக்கறேங்க. ஆனா மெதுவாத்தான் போவேன்."

"மெதுவாப் போ. சீக்கிரம் போய்ச் சேரு," என்றார் சகாதேவன். கார் போய்விட்டது.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் டிராலியின் பின்முனையில் நான்கு அரிசி மூட்டையும் இரண்டு டீசல் கேனும் ஏற்றிக் கட்டியிருந்தது.

"யாருடா இது?"

"பந்தல்காரங்க. பின்னாடி எடம் சும்மா இருக்குதேன்னு ஏத்திட்டாங்க."

"இருக்கற எடமெல்லாம் ஏத்தறதுக்கா? கொக்கிமேல கொஞ்சம் பாரம் அழுந்தணும் ராஜா. பின்னாடி ஜாஸ்தியாச்சுன்னா மூக்கு மேல தூக்கும். என் பின்சக்கரம் தரைய விட்டுடும். அப்புறம் நான் ஓட்ட மாட்டேன், அது என்ன ஓட்டும்."

இருவரும் மூட்டைகளை இறக்கினார்கள். கேன்களை முன்பக்கம் நகர்த்திக் கட்டினார்கள். டிராலியின் முன்கால் போன மாதமே உடைந்து போயிருந்தது. செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்த மூக்கை இருவரும் தோள் கொடுத்துத் தூக்கிக் கொக்கியில் மாட்டி இரும்புப் பின் செருகினார்கள். தரணேந்திரன் டயர்களைக் கட்டையால் தட்டிப் பார்த்தான். ஒயரை நீட்டி டிராலியின் பின்விளக்கைத் தன் வண்டியோடு இணைத்தான். ராஜாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தான். சிவப்பாக எரிந்தது. அன்றைக்கு முதல்முறையாக ஒன்று சொன்னபடி கேட்டது.

"சங்கிலிய எடு."

அந்த இரும்புப் பின் முறிந்தால் டிராலி தனியாக ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும் சங்கிலி அது. ராஜா தலையைச் சொறிந்தான்.

"அது உண்டியலுக்குப் போயிருக்கு."

"எதுக்கு?"

"போன பௌர்ணமிக்கு உண்டியல எவனோ தூக்கிக்கினு போயிட்டான் இல்ல? தலைவரு நேத்து வந்தாரு. இது நல்லா கனமா இருக்குதுன்னு எடுத்துக்கினு போயிட்டாரு."

தரணேந்திரன் நைலான் கயிறு ஒன்றை எடுத்தான். அதை நான்காக மடித்துச் சுற்றி முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். திரும்பவும் அவிழ்த்து ஐந்தாக மடித்தான்.

கடைசியாக ராஜா இரண்டு முட்டுக்கல்லைத் தூக்கி வண்டியில் வைத்தான். டிராலியை நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கருங்கல். ஒரே உயரம், ஒரே தடிமன். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்பேனர், பம்பு, புனல் எல்லாவற்றோடும் சேர்த்து இவற்றுக்கும் ராஜா மூன்று பட்டை விபூதியும் நடுவில் பெரிய குங்குமமும் வைத்திருந்தான்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் தரணேந்திரன் விட்ட இடைவெளியில் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து நுழைந்தன. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் அவன் மறுபடி பின்வாங்கினான். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. புறவழிச் சாலை இறக்கத்தில் டிராலி லேசாக இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டான். நான்கு ஆட்டம் ஆடிவிட்டு அது அடங்கியது. ராஜா பீடியை எடுத்து, பற்றவைக்காமல் திரும்ப வைத்தான்.

போன் அடித்தது. ராஜா எடுத்துக் காதில் வைத்தான்.

"எங்க வர்றீங்க?" என்றது சகாதேவனின் குரல். "பக்தனுங்க நடந்தே வந்து சேந்துட்டானுங்க."

"அவங்க பின்னாடி ரெண்டு டன் இல்லீங்க தலைவரே," என்று சொல்லிவிட்டு ராஜா போனை வைத்தான்.

காஞ்சி சாலைத் திருப்பத்தில் தடுப்புக்கு அருகில் ஒரு பெண் போலீஸ் கைகாட்டினாள். வண்டியைச் சுற்றி வந்தாள். டிராலியின் பின்பக்கம் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் சகாதேவன் இடுப்பளவு நின்று கும்பிட்டார்.

"இது எதுக்கு இதுல மாட்டியிருக்கு? டிராக்டர் இல்லியா?"

"டிராக்டர் ஊர்வலத்துல இருக்குதுங்க மேடம்."

"பின்லைட்டு எங்க?"

"செம்மலுக்குப் பின்னாடி இருக்குதுங்க," என்றான் ராஜா.

அவள் சிரிக்கவில்லை. "சுருட்டிக் கட்டு அத. ஏதாச்சும் ஆச்சுன்னா படத்துல இருக்கறவர் மேல கேஸ் வராது. உன் மேலதான் வரும். தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம்."

"தெரிஞ்சுமா வந்த?"

தரணேந்திரன் ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்க்கப் போனான். பின்னால் மறுபடி ஹாரன் அடித்தார்கள். ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கட்டியதும் அவள் தடுப்பை நகர்த்தினாள்.

அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சமதளமாக இடம் இருந்தது. தரணேந்திரன் அங்கே திருப்பப் போனான். சகாதேவன் ஓடி வந்து மறித்தார்.

"அங்க நிறுத்தினா யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கம் ஏத்து. ஃப்ளெக்ஸு பாதையப் பாக்கணும்."

"அது சரிவுங்க. நழுவுச்சுன்னா ஜனங்க மேலதான் போகும்."

"கல்லு வை. எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்லாத."

வண்டியின் முகம் மலையைப் பார்த்து மேலே, டிராலி பாதையைப் பார்த்துக் கீழே. ராஜா இரண்டு சக்கரத்துக்கும் முட்டுக்கல் கொடுத்தான். ஒரு பையன் வந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்துத் தொங்கவிட்டான். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. தரணேந்திரன் இறங்கிக் கைகால் உதறினான். காலை ஆறு மணிக்குத் தின்ற இரண்டு இட்லியோடு இருந்தான். அவனுடையது நயினார் என்கிற தமிழ்ச் சமணக் குடும்பம்; வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. மகளே ஹாஸ்டலில் ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுகிறாள்.

"சமையல்காரன்கிட்ட ஒரு தட்டு சோறு கேளேன் ராஜா."

போய்விட்டு ராஜா வெறுங்கையோடு வந்தான். "அண்டா மூடிக் கெடக்குது. சிறப்பு விருந்தினர் வந்து மொத எலையில போட்டாத்தான் தெறப்பாங்களாம்."

"எப்போ வர்றாரு?"

"நாலு மணிக்கு வர்றதா நோட்டீஸ்ல போட்டிருக்கு. அப்போ எப்படியும் ஆறாவும்."

நான்கரை மணிவாக்கில் கற்பூர வாசனை வந்தது. டிராலியின் பின்னால் போய்ப் பார்த்தால் எட்டு பத்துப் பேர் கூடியிருந்தார்கள். இடது சக்கரத்துக் கல்லின்முன் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். வலது சக்கரத்துக் கல்லுக்கு ஒரு முழம் கதம்பம் சாத்தியிருந்தது. ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இங்க ஒரு லிங்கம் இருக்கறது இத்தன வருசம் தெரியாமப் போச்சே," என்றாள். டயருக்கும் தீக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அதற்குமேல் டீசல் டேங்க்.

"அம்மா, இது வண்டிக்கு வெச்ச கல்லும்மா. தள்ளிப் போங்க," என்றான் தரணேந்திரன்.

"சாமிய அப்படிச் சொல்லாதப்பா," என்றாள் அவள்.

ராஜா கற்பூரத்தை மிதித்து அணைத்தபோது கூட்டம் சத்தம் போட்டது. சத்தம் கேட்டுச் சகாதேவன் வந்தார். கல்லைப் பார்த்தார். கல்லின்முன் விழுந்திருந்த சில்லறையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பக்தர்கள் மனசு புண்படக் கூடாது. ரெண்டையும் மரியாதையா எடுத்து உண்டியல் பக்கத்துல வையுங்க."

"தலைவரே, அது இல்லன்னா டிராலி நிக்காதுங்க," என்றான் தரணேந்திரன்.

"ஹேண்ட் பிரேக்கு?"

"தாங்காதுங்க. ஜெனரேட்டர் அதிர்றப்ப நழுவும்."

"அப்போ காலால மிதிச்சுக்கினு இரு. உக்காந்துக்கினு செய்யற வேலதானே?"

இரண்டு பேர் கல்லைத் தொட்டபோதே டிராலி ஓர் அங்குலம் இறங்கியது. தரணேந்திரன் ஓடி வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்தான். ராஜா வேறு கல் தேடிப் போனான். நல்ல கல்லெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. செங்கல் கொண்டுவந்து வைத்தான். பத்து நிமிட அதிர்வில் அது பொடியானது. கியரில் போட்டுப் பார்த்தான் தரணேந்திரன். காலை லேசாக எடுத்ததும் வண்டி ஓர் உலுக்கு உலுக்கிக் கீழே நகர்ந்தது. மறுபடி மிதித்தான். சமதளத்துக்கு நகர்த்தவும் வழியில்லை, பந்தல் ஒயரெல்லாம் ஜெனரேட்டரில் மாட்டியிருந்தது. பின்னால் பாதை நிறைய ஜனங்கள், தோளில் குழந்தைகளோடு.

ஐந்தரைக்கு மனைவி ஜெயமதி போன் செய்தாள்.

"சாப்டாச்சா? பொழுது போவப் போவுது."

"இல்ல."

"அன்னதானத்துலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அப்புறம் இன்னா? எழுந்து போயி ஒரு வாய் சாப்புடுங்க."

"எழுந்திருக்க முடியாது. வெச்சிடு."

பக்கக் கண்ணாடியில், நடந்து போகிறவர்களின் தலைக்குமேல் சூரியன் சிவந்து நின்றது. தலைகள் அதை மறைத்தன, விட்டன. கடைசியில் ஒரு தலை மறைத்து விலகியபோது அங்கே அது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வேட்டுச் சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். அண்டாக்கள் திறந்த வாசனை வந்தது.

ராஜா பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம் கொண்டுவந்தான். முதல் வரிசையிலேயே இடித்துப் பிடித்து வாங்கியிருந்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு தட்டை டேஷ்போர்டின்மேல் வைத்தான்.

"இன்னும் வெளிச்சம் கொஞ்சம் இருக்குதே நயினாரே."

"அது டியூப்லைட்டு."

"நான் கொஞ்ச நேரம் மிதிக்கறேன். நீ எறங்கு."

"ஜெனரேட்டர் நின்னா யாரு பாக்கறது? போ. தலைவரு பேசறாரு, கரெண்டு போச்சுன்னா உன்ன உரிச்சிடுவாரு."

மேடையில் சகாதேவன் பேசிக்கொண்டிருந்தார். மூட்டைகள் இப்போது நூற்றைம்பது ஆகியிருந்தன. மேடைக்குக் கீழே உண்டியல். அதைச் சுற்றி இரண்டு சுற்றுச் சங்கிலி, பெரிய பூட்டு. இருபுறமும் இரண்டு முட்டுக்கல், மாலையோடு. வரிசை உண்டியலைத் தாண்டிப் பாதைவரை நீண்டிருந்தது.

மலைக்குமேல் நிலா வந்தது. தரணேந்திரனின் வலது கால் முட்டியிலிருந்து ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அழுத்தினான். ஆட்டம் நிற்கவில்லை.

பின்னால், ஃப்ளெக்ஸுக்கு உள்ளிருந்து டிராலியின் சிவப்புப் பிரேக் விளக்கு சகாதேவனின் நெற்றியில் துடித்துக்கொண்டிருந்தது. மங்கியது, பளிச்சிட்டது, மங்கியது. நடந்துபோன ஒருவர் நின்று, தோளிலிருந்த குழந்தைக்கு அதைக் காட்டினார்.

"பாரு, சீரியல் லைட்டு எப்படிப் போட்டிருக்காங்க பாரு."

குழந்தை கைதட்டியது.